எப்பிங் காடு

எப்பிங் காடு இங்கிலாந்தின் தென்கிழக்கில், பெருநகர இலண்டனிலும் அதனை அடுத்துள்ள எசெக்ஸ் மாவட்டத்திலும் பரவியுள்ள பழமையான காடு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் (சுமார் 6,000 ஏக்கர்). வடக்குத் தெற்காக ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் சுமார் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஒரு காலத்தில் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்த இது, 1878 ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டத்தின் மூலம் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய திறந்தவெளியாக ஆக்கப்பட்டது. அன்று முதல் சிட்டி ஆப் லண்டன் மாநகராட்சி இதனைப் பராமரித்து வருகிறது.

இக்காடு மனிதர் கைபடாத காடு அன்று. பல நூற்றாண்டுகளாக ஊர்மக்கள் இங்கே மாடு மேய்த்ததும் விறகு வெட்டியதுமே இதன் இன்றைய உருவத்துக்குக் காரணம். காட்டை அழிவிலிருந்து மீட்ட அதே சட்டம் விறகு வெட்டும் வழக்கத்தை நிறுத்தியது. அதனால் காட்டின் இயல்பு மெல்ல மாறத் தொடங்கியது. பொதுமக்களுக்காகக் காக்கப்பட்ட காட்டை அதே மக்களின் காலடியிலிருந்தும் காக்க வேண்டிய நிலை இன்று ஏற்பட்டுள்ளது.

பெயரும் பொருளும்

ஆங்கிலேயச் சட்ட வழக்கில் "காடு" என்னும் சொல் முதலில் மரங்கள் அடர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. அரசருக்கு மட்டுமே மான் வேட்டையாடும் உரிமை இருந்த, தனிச் சட்டத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பையே அது குறித்தது. அந்த எல்லைக்குள் ஊர்கள், வயல்கள், புல்வெளிகள் ஆகியனவும் அடங்கின. எசெக்ஸ் காடு என அழைக்கப்பட்ட பெரும்பரப்பு பின்னர் வால்தம் காடு எனப் பெயர் பெற்றது. அதன் பிரிவுகளாக எஞ்சியவையே எப்பிங் காடும் ஐனோல்ட் காடும் ஆகும். காட்டின் வடமுனையில் உள்ள எப்பிங் என்னும் சிற்றூரின் பெயரே 17 ஆம் நூற்றாண்டு முதல் இக்காட்டின் பெயராக வழங்கி வருகிறது.

அமைவிடமும் நில அமைப்பும்

மேற்கே லீ ஆற்றின் பள்ளத்தாக்குக்கும் கிழக்கே ரோடிங் ஆற்றின் பள்ளத்தாக்குக்கும் இடையே உள்ள மேட்டு நிலத்தில் எப்பிங் காடு அமைந்துள்ளது. மேட்டின் உச்சியில் சரளையும் மணலும் கலந்த மெல்லிய மண் காணப்படுகிறது. சரிவுகளிலும் தாழ்வான இடங்களிலும் நீர் எளிதில் வடியாத களிமண் உள்ளது. இவ்விரண்டு வகை மண்ணும் உழவுக்கு ஏற்றவை அல்ல. பெருநகரின் அருகிலேயே இருந்தும் இந்நிலம் வயலாக மாறாமல் தப்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

காடு தொடர்ச்சியான ஒரே பரப்பு அன்று. தெற்கே மேனர் பார்க் அருகில் உள்ள வான்ஸ்டெட் பிளாட்ஸ் ஒரு பரந்த புல்வெளி. அதனை அடுத்து ஏரிகளுடன் கூடிய வான்ஸ்டெட் பூங்காவும், லெய்ட்டன் பிளாட்ஸ் பகுதியும் உள்ளன. இவற்றை வீடுகளும் சாலைகளும் பிரிக்கின்றன. சிங்ஃபோர்டுக்கு வடக்கேதான் அடர்ந்த மரக்காடு தொடங்கி, ஹை பீச், லௌட்டன், தெய்டன் பாய்ஸ் ஆகிய ஊர்களை ஒட்டி எப்பிங் வரை செல்கிறது. காட்டின் தென்முனையை ஒட்டிய மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம் ஆகிய பகுதிகளில் புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர்.

காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களும் ஏரிகளும் உள்ளன. இவற்றுட் பல, சாலைப் பணிகளுக்காகச் சரளை தோண்டப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி உருவானவை. சிங்ஃபோர்டு அருகே உள்ள கன்னாட் நீர்நிலை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது. காட்டின் முதல் ரேஞ்சராக இருந்த கன்னாட் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது.

வரலாறு

தொல்பழங்காலம்

சதுப்பு நிலங்களில் படிந்துள்ள மகரந்தத் தூளை ஆராய்ந்ததில், முற்காலத்தில் இங்கு சிறிய இலை லிண்டன் மரங்களே மிகுதியாக இருந்தன எனவும், சாக்சன் மக்களின் காலத்தில் அவை குறைந்து பீச், பிர்ச் முதலிய மரங்கள் பெருகின எனவும் தெரியவந்துள்ளது. காட்டினுள் இரும்புக் காலத்தைச் சேர்ந்த இரண்டு மண் கோட்டைகளின் எச்சங்கள் உள்ளன. அவை லௌட்டன் கோட்டையும் ஆம்பிரெஸ்பரி கோட்டையும் ஆகும். உரோமரை எதிர்த்த பூடிகா அரசி தன் இறுதிப் போரை ஆம்பிரெஸ்பரியில் நடத்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. இதற்குச் சான்று எதுவும் இல்லை.

அரச வேட்டைக்காடு

12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் இப்பகுதி அரச வேட்டைக்காடாகச் சட்டநிலை பெற்றது எனக் கருதப்படுகிறது. மான்களின் மீது அரசருக்கே உரிமை இருந்தது. நிலம் பண்ணைப் பிரபுக்களுக்கு உரியதாக இருந்தது. ஊர்மக்களுக்கோ கால்நடை மேய்க்கவும் விறகு வெட்டவும் உரிமை இருந்தது. இவ்வாறு ஒரே நிலத்தின் மீது மூன்று தரப்பினரும் உரிமை கொண்டிருந்தமை இக்காட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாததாகும். மேய்ச்சல் முதலிய உரிமைகள் உடையோர் பொதுவுரிமையாளர் எனப்பட்டனர்.

எட்டாம் ஹென்றி மன்னர் வேட்டையைப் பார்வையிடுவதற்காக 1543 ஆம் ஆண்டில் சிங்ஃபோர்டில் ஓர் உயர்ந்த மரக் கட்டடத்தை அமைக்க ஆணையிட்டார். 1589 ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசிக்காக அது செப்பனிடப்பட்டது. இராணி எலிசபெத் வேட்டை மாளிகை என்று அழைக்கப்படும் இக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

வேலியடைப்பு

18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் அரசர்கள் வேட்டையில் ஆர்வம் இழந்தனர். அரசு தன் காட்டுரிமைகளைப் பண்ணைப் பிரபுக்களுக்கு விற்கத் தொடங்கியது. இலண்டன் விரிவடைந்தபோது நிலத்தின் விலை உயர்ந்தது. பிரபுக்கள் காட்டு நிலத்துக்கு வேலியிட்டு, மரங்களை வெட்டி, வீட்டு மனைகளாக விற்க முற்பட்டனர்.

என்ன நேரக்கூடும் என்பதை அண்டையில் இருந்த ஐனோல்ட் காடு காட்டியது. 1851 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றினால் அது காட்டுநிலையை இழந்தது. அதன்பின் சில வாரங்களிலேயே அதன் பெரும்பகுதி மரங்கள் வேரோடு அகற்றப்பட்டு நிலம் வயலாக்கப்பட்டது. எப்பிங் காட்டுக்கும் இதே முடிவு நேரும் என்ற அச்சம் பரவியது.

லௌட்டன் விறகு வெட்டிகள்

லௌட்டன் ஊர்மக்களுக்கு, நவம்பர் 11 ஆம் நாள் நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 ஆம் நாள் வரை காட்டு மரங்களின் கிளைகளை விறகுக்காக வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. முதல் நாள் நள்ளிரவில் எவரும் வெட்டாவிட்டால் அவ்வுரிமை அற்றுப்போகும் என்பது நம்பிக்கை. ஒரு முறை பண்ணைப் பிரபுவின் தரப்பினர் விறகு வெட்டிகளை விருந்துக்கு அழைத்து, குடித்து மயங்கி நள்ளிரவை மறக்கச் செய்ய முயன்றனர் என்றும், தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதியவர் நேரத்தை உணர்ந்து வெளியேறி ஒரு கிளையை வெட்டிவந்து உரிமையைக் காத்தார் என்றும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது.

கதை எவ்வாறாயினும், வில்லிங்கேல் உண்மையில் வாழ்ந்த ஒரு தொழிலாளி ஆவார். 1860களில் பிரபு வேலியடைத்த நிலத்தில் வழக்கம்போல் கிளை வெட்டியமைக்காக அவருடைய குடும்பத்தினர் 1866 இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றனர். 1865 இல் தொடங்கப்பட்ட பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் துணையுடன் வில்லிங்கேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1870 இல் அவர் இறந்தமையால் அவ்வழக்கு முடிவு பெறாமலே நின்றுபோயிற்று. ஆயினும் வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில் காட்டின் அழிவு தடைப்பட்டது. பொதுமக்களின் கவனமும் காட்டின் பக்கம் திரும்பியது. 1871 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கிழக்கு இலண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் வான்ஸ்டெட் பிளாட்சில் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர்.

மாநகராட்சியின் வழக்கு

சிட்டி ஆப் லண்டன் மாநகராட்சி என்பது இலண்டனின் நடுவில் ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புள்ள பழைய வணிக நகரை ஆளும் அமைப்பு ஆகும். காட்டின் தெற்கே இம்மாநகராட்சிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அதற்காக வாங்கப்பட்ட நிலத்துடன் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. இந்தச் சிறிய உரிமையே காட்டைக் காக்கும் ஆயுதமாக அமைந்தது. பொதுவுரிமையாளர் என்ற முறையில் மாநகராட்சி 1871 இல் பண்ணைப் பிரபுக்கள் மீது வழக்குத் தொடுத்தது.

ஓர் ஊரில் மேய்ச்சல் உரிமை உடையவருக்கு அவ்வூர் எல்லைக்குள் மட்டுமன்றிக் காடு முழுவதிலும் உரிமை உண்டு என்று மாநகராட்சி வாதிட்டது. காட்டில் கால்நடைகள் ஊர் எல்லை பாராமல் மேய்ந்து வந்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1874 இல் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸல் இவ்வாதத்தை ஏற்று, வேலியடைப்புகள் சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பளித்தார்.

1878 ஆம் ஆண்டின் சட்டம்

தீர்ப்பைத் தொடர்ந்து நிறைவேற்றப்பட்ட எப்பிங் காட்டுச் சட்டம் மாநகராட்சியைக் காட்டின் காப்பாளராக நியமித்தது. அச்சட்டத்தின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

- காடு எக்காலத்திலும் வேலியடைக்கப்படாமலும் கட்டடங்கள் எழுப்பப்படாமலும் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குரிய திறந்தவெளியாக இருத்தல் வேண்டும்.
- காட்டின் இயற்கைத் தோற்றம் இயன்றவரை எந்நாளும் காக்கப்படுதல் வேண்டும்.
- காட்டு மான்களின் மீது அரசுக்கு இருந்த உரிமை முடிவுக்கு வருகிறது.
- பொதுவுரிமையாளரின் மேய்ச்சல் உரிமை தொடரும். கிளை வெட்டும் உரிமை இழப்பீட்டுடன் நீக்கப்படும்.

கிளை வெட்டும் உரிமைக்கு ஈடாக லௌட்டன் மக்களுக்கு வழங்கப்பட்ட 7,000 பவுண்டு தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, 1884 இல் ஊர்ப் பொதுமன்றம் ஒன்று திறக்கப்பட்டது. கிளை வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் லோப்பிங் மன்றம் எனப் பெயர் பெற்ற அக்கட்டடம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

1882 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் விக்டோரியா அரசியார் ஹை பீச்சுக்கு வந்து, காட்டை எக்காலத்துக்கும் மக்களின் பயன்பாட்டுக்கும் மகிழ்ச்சிக்கும் உரியதாக அறிவித்தார். இதனால் எப்பிங் காடு "மக்களின் காடு" என்றும் அழைக்கப்படுகிறது. காட்டின் காப்பாளர்களுள் ஒருவராகத் தொண்டாற்றிய எட்வர்டு நார்த் பக்ஸ்டன் பின்னர் ஐனோல்ட் காட்டில் எஞ்சிய பகுதியை மீட்கவும் முன்னின்றார். அது 1906 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

சட்டத்துக்குப் பின்

சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் காட்டு நிலத்தைப் பிற தேவைகளுக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் எழுந்தன. இரண்டாம் உலகப் போரில் கிழக்கு இலண்டனில் எண்ணற்ற வீடுகள் அழிந்தன. போருக்குப்பின் உள்ளூராட்சி அமைப்பு ஒன்று வான்ஸ்டெட் பிளாட்சில் வீடுகள் கட்ட விரும்பியது. வீடற்றோரின் தேவை உண்மையானதே எனினும், அப்பகுதி மக்களே அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1947 இல் அரசு அத்திட்டத்தை நிராகரித்தது. இலண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 நெடுஞ்சாலை 1980களின் தொடக்கத்தில் எப்பிங் அருகே காட்டைக் கடக்க நேர்ந்தபோது, அது பெல் காமன் என்னுமிடத்தில் சுரங்கத்தினூடாகக் கொண்டுசெல்லப்பட்டது. சுரங்கத்தின் மேற்பரப்பில் இன்று துடுப்பாட்டத் திடல் உள்ளது. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிகளின்போது வான்ஸ்டெட் பிளாட்சில் காவல்துறையினருக்குத் தற்காலிகத் தளம் அமைப்பதற்குக்கூட, 1878 ஆம் ஆண்டின் சட்டத்தில் தனியே திருத்தம் செய்ய வேண்டியிருந்தது.

கிளை தறித்த மரங்கள்

எப்பிங் காட்டின் தனிச்சிறப்பு கிளை தறித்த மரங்களே ஆகும். மரத்தை அடியோடு வெட்டினால் புதிதாக வரும் தளிர்களை மாடுகளும் மான்களும் மேய்ந்துவிடும். எனவே, அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் இரண்டு மூன்று மீட்டர் வரை தண்டை விட்டுவிட்டு, அதற்கு மேல் உள்ள கிளைகளை மட்டும் மக்கள் வெட்டினர். வெட்டிய இடத்தில் பல கிளைகள் ஒருங்கே துளிர்க்கும். சில ஆண்டுகள் கழித்து அவை மீண்டும் வெட்டப்படும். இம்முறையால் ஒரே நிலம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்டது.

இவ்வாறு வெட்டப்படும் மரங்கள் வெட்டப்படாத மரங்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. கனமான மேற்பகுதி இல்லாமையால் அவை காற்றில் எளிதில் சாய்வதில்லை. நாளடைவில் தண்டு பருத்து, முடிச்சுகளும் பொந்துகளும் கொண்டதாகிறது. எப்பிங் காட்டில் இத்தகைய பழைய மரங்கள் 50,000க்கும் மேற்பட்டவை உள்ளன. ஐரோப்பாவில் பழமரங்கள் இவ்வளவு செறிவாகக் காணப்படும் இடங்கள் சிலவே.

1878 க்குப் பின் கிளை வெட்டுதல் நின்றதும் நிலைமை மாறியது. வெட்டப்படாத கிளைகள் தனி மரங்களின் அளவுக்குப் பருத்து, மேற்கூரைபோல் மூடிக்கொண்டன. தரைக்கு வெயில் எட்டாமற்போகவே புல்லும் குறுஞ்செடிகளும் பூச்செடிகளும் குறைந்தன. உள்ளே பொந்து விழுந்த பழைய தண்டுகளால் மேலுள்ள கிளைகளின் எடையைத் தாங்க இயலாமல், பல மரங்கள் பிளந்து விழுகின்றன. இன்று ஹை பீச்சில் காண்போரை வியக்கச் செய்யும் ஓங்கிய பீச் மரங்கள், நூற்றைம்பது ஆண்டுகளாக வெட்டப்படாமல் விடப்பட்ட விறகு மரங்களே.

காட்டின் "இயற்கைத் தோற்றம்" எது என்ற கேள்வி சட்டம் வந்த நாளிலிருந்தே எழுந்து வந்துள்ளது. இயற்கை அறிஞர் ஆல்பிரடு ரசல் வாலசு 1878 இல் காட்டின் கண்காணிப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். மரங்கள் அழிந்த வெற்றிடங்களில் உலகின் மிதவெப்ப நாடுகளின் காடுகளைத் தனித்தனியே வளர்க்கலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. அப்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அண்மைப் பத்தாண்டுகளில் காப்பாளர்கள் பழைய முறைக்கே ஓரளவு திரும்பியுள்ளனர். தேர்ந்தெடுத்த ஆர்ன்பீம், ஓக் மரங்களில் மீண்டும் கிளைகள் தறிக்கப்படுகின்றன. பழைய பீச் மரங்கள் முழுவதும் தறிக்கப்பட்டால் பட்டுப்போகக்கூடும் என்பதால், அவற்றின் மேற்பகுதி பல ஆண்டு இடைவெளிகளில் சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது.

தாவரங்கள்

மேட்டின் சரளை மண்ணில் பீச் மரமும், களிமண் பகுதிகளில் ஆர்ன்பீம் மரமும் மிகுதி. ஓக் மரம் எங்கும் கலந்து காணப்படுகிறது. இவற்றின் கீழே ஆலி என்னும் முள்ளிலைச் சிறுமரம் வளர்கிறது. மேய்ச்சல் குறைந்த திறந்தவெளிகளில் பிர்ச் மரங்கள் விரைவாகப் பரவியுள்ளன. சில இடங்களில் எரிகா இனப் புதர்கள் நிறைந்த திறந்தவெளிகள் எஞ்சியுள்ளன. பீச் மரங்களின் முடிச்சுத் துளைகளிலிருந்து மழைநீர் வழியும் தடங்களில் மட்டுமே வளரும் சைகோடான் பார்ஸ்டெரி என்னும் அரிய பாசி, பிரித்தானியாவில் காணப்படும் மிகச் சில இடங்களுள் எப்பிங் காடும் ஒன்று.

இலையுதிர் காலத்தில் பலவகைக் காளான்கள் தோன்றுகின்றன. இவற்றுட் பல மரங்களின் வேர்களுடன் இணைந்து வாழ்பவை. அவை மண்ணிலிருந்து நீரையும் கனிமங்களையும் மரத்துக்கு அளித்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. 1880 இல் தொடங்கப்பட்ட எசெக்ஸ் இயற்கை ஆய்வுக் கழகம் இக்காட்டின் காளான்களைத் தொடக்கம் முதலே ஆராய்ந்து வந்துள்ளது.

விலங்குகள்

காட்டின் பழைய மரங்களும் அவற்றின் உளுத்த கட்டைகளும் எண்ணற்ற பூச்சிகளின் இருப்பிடம் ஆகும். மானின் கொம்பைப் போன்ற பெரிய தாடைகளை உடைய மான்கொம்பு வண்டு இவற்றுட் புகழ் பெற்றது. இதன் புழு, மண்ணில் புதைந்து உளுக்கும் மரக்கட்டையைத் தின்று பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே வண்டாக வெளிவருகிறது. ஐரோப்பிய அளவில் இக்காடு சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதற்கு இவ்வண்டும் ஒரு காரணம்.

எப்பிங் காட்டின் ஃபாலோ மான்கள் கருநிறமானவை. போக்குவரத்தும் மக்கள் நடமாட்டமும் பெருகியதால் இவை குறைந்தன. எனவே 20 ஆம் நூற்றாண்டில் தெய்டன் பாய்ஸ் அருகே இவற்றுக்கெனத் தனிக் காப்பிடம் அமைக்கப்பட்டது. சீனாவிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பரவிய முன்ட்ஜாக் என்னும் சிறு மானும் இங்குள்ளது. இது தென்னிந்தியக் காடுகளில் உள்ள கேளையாட்டின் இனத்தைச் சேர்ந்தது.

மரங்கொத்திகள், ஆந்தைகள் ஆகிய பறவைகள் மரப்பொந்துகளில் வாழ்கின்றன. கன்னாட் நீர்நிலையில் வண்ணமிக்க மாண்டரின் வாத்துகளைக் காணலாம். வான்ஸ்டெட் பிளாட்சின் உயரமான புற்களிடையே வானம்பாடிகள் தரையில் கூடு கட்டுகின்றன. இலண்டனின் மையத்துக்கு மிக அருகில் இப்பறவை இனப்பெருக்கம் செய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று.

பொதுவுரிமையாளரின் மாடுகள் நெடுங்காலம் காட்டிலும், சில வேளைகளில் சுற்றியுள்ள தெருக்களிலும் தடையின்றித் திரிந்தன. 1990களில் பிரித்தானியாவில் பரவிய மாட்டு மூளை நோயின் விளைவாக 1996 இல் மேய்ச்சல் நின்றது. பின்னர் மாநகராட்சி நீண்ட கொம்புடைய ஆங்கில மாடுகளைக் கொண்டு மேய்ச்சலை மீண்டும் தொடங்கியது. கண்ணுக்குப் புலப்படும் வேலி இல்லாமல், எல்லையை நெருங்கும்போது மாட்டின் கழுத்துப்பட்டை ஒலி எழுப்பி எச்சரிக்கும் முறை இங்கு பயன்படுத்தப்படுகிறது. காட்டை வேலியடைக்கலாகாது என்ற சட்ட விதிக்கும் மேய்ச்சலின் தேவைக்கும் இடையே இம்முறை இணக்கம் ஏற்படுத்தியுள்ளது.

பொழுதுபோக்கு

19 ஆம் நூற்றாண்டு

தொடருந்துப் பாதை 1856 இல் லௌட்டனுக்கும் 1873 இல் சிங்ஃபோர்டுக்கும் வந்தது. 1871 ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் உழைக்கும் மக்களுக்கு விடுமுறை நாட்களை உறுதிப்படுத்தியது. இவ்விரண்டின் விளைவாகக் கிழக்கு இலண்டனின் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் பெருந்திரளாகக் காட்டுக்கு வந்தன. கழுதைச் சவாரி, ஊஞ்சல், படகு, சிற்றுண்டி ஆகியவை அக்கால இன்பங்களாக இருந்தன. மது விற்காத பெரிய தேநீர்க் கூடங்கள் காட்டின் ஓரங்களில் தோன்றின. ஏழைச் சிறுவர்களை ஆண்டுக்கு ஒரு நாள் காட்டுக்கு அழைத்துவரும் அறப்பணிகளும் நடைபெற்றன.

இன்றைய நடவடிக்கைகள்

- நடைப்பயணம்: காட்டில் குறியிடப்பட்ட பல நடைபாதைகள் உள்ளன. சட்டத்தின் நூற்றாண்டை நினைவுகூர்ந்து 1978 இல் வகுக்கப்பட்ட நூற்றாண்டு நடைபாதை, மேனர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் செல்கிறது.
- மிதிவண்டி: பெரும்பாலான பகுதிகளில் அனுமதி உண்டு. மண் கோட்டைகள் போன்ற நொய்ந்த இடங்களில் தடை உள்ளது.
- குதிரைச் சவாரி: உரிமம் பெற்றுக் குறிக்கப்பட்ட பாதைகளில் செல்லலாம்.
- ஓட்டமும் விளையாட்டும்: காட்டோட்டப் போட்டிகள் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. வான்ஸ்டெட் பிளாட்சில் வார இறுதிகளில் பல திடல்களில் கால்பந்து ஆடப்படுகிறது.
- கோல்ஃப்: சிங்ஃபோர்டு திடல் பொதுக்காட்டில் அமைந்திருப்பதால், நடந்து செல்வோர் ஆட்டக்காரர்களைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும்படி அவர்கள் சிவப்பு உடை அணிவது நீண்டகால விதியாகும்.
- படகும் தூண்டிலும்: லெய்ட்டன் பிளாட்சில் உள்ள ஹாலோ பாண்ட்ஸ் குளத்தில் படகு விடப்படுகிறது. குறிப்பிட்ட சில குளங்களில் மீன் பிடிக்கலாம்.

பிரித்தானியாவின் தொடக்ககால மண்தட மோட்டார் பந்தயங்களுள் மிகவும் புகழ் பெற்ற ஒன்று 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் நாள் ஹை பீச்சில் நடைபெற்றது. பல்லாயிரக்கணக்கான மக்கள் திரண்டதால் பார்வையாளர்கள் தடத்தின் உட்புறமும் நின்றனர். அவ்விடத்தில் பின்னர் மாணவர்களுக்கான இயற்கைக் கள ஆய்வு மையம் அமைக்கப்பட்டது.

வருகையாளர் கவனத்துக்கு

காட்டுக்குள் செல்லக் கட்டணம் இல்லை. நாளின் எந்நேரமும் காடு திறந்தே உள்ளது. சில வாகன நிறுத்துமிடங்களில் மட்டும் கட்டணம் பெறப்படுகிறது. தீ மூட்டுதல், இரவில் கூடாரமிட்டுத் தங்குதல், குளங்களில் நீந்துதல், காளான் பறித்தல், விழுந்த மரக்கட்டைகளை எடுத்துச் செல்லல் ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன. உளுத்த கட்டையைப் பொருளற்ற குப்பையாகக் கருதுவோர் பலர். ஆனால் அதுவே மான்கொம்பு வண்டு முதலிய உயிர்களின் உணவும் உறைவிடமும் ஆகும். வணிக நோக்கில் கூடை கூடையாகக் காளான் பறித்தவர்கள் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. குளிர்காலத்தில் களிமண் பாதைகள் சேறாகிவிடுவதால் உயர்ந்த காலணி அணிவது நல்லது. பழைய மரங்களின் கிளைகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழக்கூடும். பலத்த காற்றின்போது அவற்றின் கீழே நிற்பது பாதுகாப்பானது அன்று.

நிருவாகம்

காட்டின் செலவை மாநகராட்சி பெரும்பாலும் தன் சொந்த நிதியிலிருந்து ஏற்கிறது. நிருவாகக் குழுவில் மாநகராட்சி உறுப்பினர்களுடன், வெர்டரர் எனப்படும் நான்கு பிரதிநிதிகளும் உள்ளனர். இடைக்காலக் காட்டு நீதிமன்ற அலுவலர்களின் பெயரைத் தாங்கிய இவர்களைப் பொதுவுரிமையாளர்கள் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கின்றனர். காட்டின் பெரும்பகுதி சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. மாநகராட்சியின் காட்டு மேலாண்மை அதிகாரங்கள் 2018 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் விரிவாக்கப்பட்டன.

சூழல் சிக்கல்கள்

காட்டைச் சுற்றிப் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் பாதையின் ஓரமாக நடக்கும்போது பாதை ஆண்டுதோறும் அகலமாகிறது. காலடியாலும் சக்கரங்களாலும் மண் இறுகி, நீரும் காற்றும் உட்புகாமல் மரத்தின் வேர்களும் வேரைச் சார்ந்த காளான்களும் பாதிப்படைகின்றன. 2020 இல் கொரோனா பெருந்தொற்றுக்காக ஊரடங்கு நிலவிய காலத்தில், வேறு செல்லிடம் இல்லாத நகர மக்களுக்குக் காடு பெரும் ஆறுதலாக அமைந்தது. அதே வேளையில் பாதைகளின் தேய்வும் குப்பையும் வெகுவாகப் பெருகின.

காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலைகளின் வாகனப் புகையிலிருந்து வரும் நைதரசன் சேர்மங்கள் மண்ணில் படிகின்றன. இது வளமற்ற மண்ணுக்குப் பழகிய தாவரங்களையும் மரப்பாசிகளையும் நலிவுறச் செய்கிறது. மேலோட்டமான வேர்களை உடைய பீச் மரம் வறட்சியைத் தாங்காது. 2018 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நீண்ட வறட்சிக்குப்பின் வான்ஸ்டெட் பிளாட்சில் மூண்ட பெருந்தீயை அணைக்க இருநூறுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் தேவைப்பட்டனர்.

இச்சிக்கல்களுக்குத் தீர்வாக மக்களைத் தடுத்து நிறுத்த இயலாது. அவர்களின் வருகையே காட்டின் சட்டபூர்வமான நோக்கம் ஆகும். எனவே, அடிக்கடி பயன்படும் பாதைகளைச் சீரமைத்தல், வாகனங்கள் ஒரே இடத்தில் குவியாமல் செய்தல், வானம்பாடி கூடு கட்டும் பருவத்தில் புல்வெளியின் ஒரு பகுதிக்குத் தற்காலிகத் தடுப்பு இடுதல் போன்ற வழிகள் கையாளப்படுகின்றன. சுற்றுப்புறத்தில் புதிய வீடுகள் கட்டுவோர் காட்டின் பாதுகாப்புக்கு நிதி அளிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துள்ளது.

இலக்கியத் தொடர்பு

உழவர் குடியில் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் 1837 முதல் 1841 வரை ஹை பீச்சில் இருந்த மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தார். 1841 சூலையில் அவர் அங்கிருந்து வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் நடந்தே தம் ஊரை அடைந்தார். கவிஞர் டென்னிசனும் அக்காலத்தில் சில ஆண்டுகள் ஹை பீச்சில் வாழ்ந்தார். காட்டை ஒட்டிய வால்தம்ஸ்டோவில் 1834 இல் பிறந்த எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிசு, இளமையில் இக்காட்டின் ஆர்ன்பீம் மரங்களிடையே உலாவி வளர்ந்தவர். காட்டைக் காப்பது குறித்து அவர் பிற்காலத்திலும் பொதுவெளியில் கருத்துத் தெரிவித்து வந்தார்.

சென்றடையும் வழிகள்

இலண்டன் சுரங்கத் தொடருந்தின் சென்ட்ரல் பாதையில் உள்ள ஸ்னேர்ஸ்புரூக், லௌட்டன், தெய்டன் பாய்ஸ், எப்பிங் ஆகிய நிலையங்கள் காட்டுக்கு அருகில் உள்ளன. நகரின் நடுவில் உள்ள லிவர்பூல் தெரு நிலையத்திலிருந்து தரைமேல் தொடருந்தில் சிங்ஃபோர்டை அடையலாம். வேட்டை மாளிகையும் அதனருகே உள்ள வருகையாளர் மையமும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. தென்பகுதியான வான்ஸ்டெட் பிளாட்சுக்கு மேனர் பார்க் நிலையம் மிக அருகில் உள்ளது.